அவள் பிறந்த ஊரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவ சபைகளை விட்டு வெளியே வந்தவர்களைப் பற்றி, இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நானும் அப்படி வந்தவள்தான், 1981ல். கட்டுரையில் பலதும் சரி. ஆனால் இரண்டு விஷயம் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒன்று சின்னது. மற்றது சாவுச் செய்தி பற்றி உங்கள் பத்திரிகையிடம் கேட்க வேண்டியது.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுரையாளர் எல்லாச் சபையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். தேசிய கீதம் பாடாதவர்கள் என்று எங்களையும் சேர்த்திருக்கிறார். அது யெகோவாவின் சாட்சிகள். அதற்காக 1985ல் கேரளத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. பாடாவிட்டாலும் மரியாதையாக எழுந்து நின்றார்களே, நீக்கியது தவறு என்று 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பெழுதினார். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சொல்வார்கள். நாங்கள் தேசிய கீதம் நன்றாகவே பாடினோம். எங்களுக்கு விலக்கியிருந்தது சினிமாப் பாட்டு.

எங்கள் சபையின் பெயரை எழுதவில்லை. என் சொந்த அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். என் பெயரையும் போட வேண்டாம்.

எங்கள் தாத்தா எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி) சபைக்காரர். 1806ல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்த வழியில் வளர்ந்த சபை அது. 1947ல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகிவிட்டாலும், கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் பாறசாலையில் வயதானவர்கள் வாயில் இப்போதும் எல்.எம்.எஸ். என்றுதான் வரும். தாத்தாவுக்கு ஜலதோஷம் என்றாலும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் திருப்தி. 1838ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. அப்படிப்பட்டவருடைய மகன், என் அப்பா, 1969ல் இந்தச் சபையில் சேர்ந்தார். மறுநாள் வீட்டிலிருந்த அமிர்தாஞ்சன் டப்பா வாழைமூட்டில் கிடந்தது. மருந்து சாப்பிடுவது அவிசுவாசம். எனக்கு அப்போது ஏழு வயது. காதில் கிடந்த கம்மலைக் கழற்றினார்கள். துளை தூர்ந்துபோகாமல் இருக்க அம்மா ஒரு ஈர்க்குச்சியைச் சொருகிவிட்டாள். அதையும் ஒரு மாதத்தில் எடுக்கச் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸ் கிடையாது, பூ கிடையாது, ரேடியோ கிடையாது. குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக்கு ஊரே போகும், நாங்கள் வீட்டில் இருப்போம். (ஒரே ஒரு தடவை ஒளிந்து போய் மரணக்கிணறு பார்த்தேன். அப்பா இறந்த பிறகுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.)

ஆனாலும் கட்டுரையில் வருகிற மாதிரி அது முழுக்க இருட்டறையாக இருக்கவில்லை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் நடக்கும். பெரியவர்கள் முன்னால் முழங்காலில். பிள்ளைகள் பின்னால் ஓலைப்பாயில். நான், ரப்பர் பால்வெட்டுக்காரர் மகள், அப்புறம் இவள். நான் எழுத வந்தது இவளைப் பற்றித்தான். இவள் பெயரிலேயே பொன் உண்டு. காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றியாச்சு, பெயரில் மட்டும் என்னத்துக்கு என்று, ஞானஸ்நானத்தின்போது அதையும் கழற்றிவிட்டு ஒரு வேதாகமப் பெயரை வைத்தார்கள். குழித்துறை ஆற்றில் பழைய பெயரோடு முங்கி, புதுப் பெயரோடு எழுந்தாள். எங்களுக்கு மட்டும் பழைய பெயர்தான். அதுவும் காதோடு காதாக.

அவளுடைய வேதாகமத்துக்கு ஜிப் வைத்த உறை. அதற்குள் ஒரு துண்டு கருப்பட்டியைத் தாளில் மடித்து வைத்திருப்பாள். பன்னிரண்டு மணிக்கு மேல் கைத்தாளமும் கஞ்சிராவும் உச்சத்துக்குப் போகும்போது ஜிப்பைத் திறந்தால் யாருக்கும் கேட்காது. ஒரு போர்வைக்குள் மூன்று தலை. கடித்தால் சத்தம் வரும் என்று நாக்கில் வைத்தே கரைப்போம். ஒருநாள் அவள் தூங்கிவிட, மிச்சத் துண்டு உருகி லேவியராகமத்தில் நாலைந்து பக்கம் ஒட்டிக்கொண்டது. லேவியராகமத்தை யார் திறக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரமே ஓய்வுநாள் பள்ளியில் திறக்கச் சொன்னார்கள். பதினோராம் அதிகாரம். எதெதைத் தின்னலாம், எதெதைத் தின்னக்கூடாது என்று வருகிற இடம். "எறும்பு கொண்டுவந்து வைத்திருக்கும் சிஸ்டர்" என்றாள் இவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். தமிழ் எழுத்தை அந்தப் பாயில் உட்கார்ந்து வேதாகமத்தில்தான் படித்தேன். இன்றைக்கு உங்கள் பத்திரிகையை வாசிப்பதும் அந்தப் படிப்பில்தான்.

சபையில் எங்களுக்கு மூத்த வேறொரு அண்ணன், 13 வயதில் அயனிச்சக்கை பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தார். தடுக்கி விழுந்தால் ஒரு வர்ம ஆசான் மேல் விழுகிற ஊர் எங்களுடையது. எலும்பு கட்ட ஒருவரையும் கூப்பிடவில்லை. மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். எலும்பு கோணலாகவே கூடியது. இரண்டு மாதம் மாவுக்கட்டு போட்டிருந்தால் நேராகியிருக்கும். அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் நர்சிங்குக்கு மனுப் போட்டேனோ என்னவோ.

சீட் கிடைத்த அடுத்த ஞாயிறு என்னைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து நிறுத்தினார்கள். ஒன்று கொரிந்தியர் ஐந்தாம் அதிகாரம் பதினோராம் வசனத்தை வாசித்தார்கள். இப்படிப்பட்டவர்களோடு கலந்திருக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது என்கிற வசனம். விபசாரக்காரன், பொருளாசைக்காரன், வெறியன், கொள்ளைக்காரன் எல்லாம் அதில் உண்டு, நர்ஸ் இல்லையே என்று அங்கேயே கேட்டேன். பத்தொன்பது வயது. கேட்டிருக்க வேண்டாம். அம்மாவுக்குத்தான் அதனால் தலைகுனிவு.

கம்மல் போனதெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது. 1983ல் ஒருநாள் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில், கருப்பட்டி கொண்டுவந்த இவளைப் பார்த்தது மறக்கவில்லை. கல்யாணமாகி அருமனைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, பார்க்காத மாதிரி மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கூட ஆட்கள் இருந்தார்கள். பஸ் எடுக்கும்போது கையை மட்டும் வெளியே நீட்டி, விரல்களை இரண்டு தடவை மடக்கி விரித்தாள். பார்க்கிறவர்களுக்கு மழை பெய்கிறதா என்று பார்த்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம் 36 வருஷம் யாரிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

நான் மலப்புறத்தில் தொடங்கி நெய்யாற்றின்கரை வரை அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து 2018ல் ஓய்வுபெற்றேன். அடுத்த வருஷம் களியக்காவிளையில் ஒரு சாயக்கடையில் நுழைந்தால், கல்லாவில் இருந்தவர் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று எழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். கோணல் கால். அவரும் வெளியே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. சபையிலும் சிஸ்டர், ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், எந்த சிஸ்டரைக் கூப்பிட்டீர்கள் அண்ணா என்று கேட்டேன். ரசவடைக்குக் காசு வாங்கவில்லை.

அவர் மூலமாக ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். இப்போது ஒன்பது பேர். கொரோனா காலம் போக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாம் சனிக்கிழமை பனச்சமூட்டில் பால்வெட்டுக்காரர் மகள் வீட்டில் கூடுவோம். மரச்சீனியும் சாளைக் கறியும். சாப்பிட்டு முடிந்ததும் அந்தச் சபைப் பாட்டையே கைதட்டிப் பாடுவோம். அவள் பேரனுக்கு இது பிடிபடவே மாட்டேன் என்கிறது. "வெளியதானே வந்தாச்சு பாட்டி, பெறவு ஏன் இத பாடுதியோ?" என்று கேட்டான். வேறு பாட்டு தெரிந்தால்தானே? எங்கள் வயதுக்காரர்கள் இளையராஜா என்றால் உருகுகிறார்கள். எங்களுக்கு அந்த வருஷங்கள் எல்லாம் கஞ்சிராதான்.

எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறோம் என்றும் இல்லை. பால்வெட்டுக்காரர் மகளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கோணல் கால் அண்ணனுக்குக் கோபமே கிடையாது, ஜெபித்தபோது வலி குறைந்தது உண்மை என்பார். "காலு கோணினதும் உண்மைதான?" என்று பால்வெட்டுக்காரர் மகள் கேட்பாள். மரச்சீனி ஆறிப்போகும்வரை இது நடக்கும்.

2022ல் பொன்னும் வந்து சேர்ந்தாள். மகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்ததால் இவளையும் பந்தியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வந்த அன்று பையிலிருந்து எடுத்தது அந்த ஜிப் உறை வேதாகமம். பக்கங்கள் இன்னும் ஒட்டியபடியே. பஸ் ஜன்னலில் கையை நீட்டியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "நீ பாத்தியா?" என்றாள். நான் பார்த்தேனா இல்லையா என்று தெரியாமலே அத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

இந்த வருஷம் ஏப்ரல் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். ஜூனிலும் அப்படியே. சாயக்கடை அண்ணன் பஸ் பிடித்து அருமனைக்குப் போனார். மார்ச்சிலேயே போய்விட்டாளாம். மகள் வீட்டில் வைத்து. எங்கள் யாருடைய நம்பரும் மகளிடம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி பழைய பேப்பர்க்காரருக்குக் கட்டிவைத்திருந்த உங்கள் நாளிதழ்களைப் பிரித்துத் தேடினேன். இருந்தது. நான்கு வரி. தலைப்பு, ஒரு கட்சி நிர்வாகியின் மாமியார் காலமானார் என்று. இறந்து போன கணவருடைய பெயர், வேதாகமப் பெயர், வயது 63. அதே பக்கத்தில் ரப்பர் விலையைச் சுற்றி நான் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். பக்கத்திலேயே. அதாவது, அன்று காலை சாயாவோடு அதை வாசித்துவிட்டுத்தான் தாளைத் திருப்பியிருக்கிறேன். அந்த வேதாகமப் பெயரில் விளவங்கோடு தாலுகாவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

உங்களிடம் கேட்பது இதுதான். எங்கள் பக்கம் மலையாளப் பத்திரிகைகளில் சரமப் பக்கம் என்று சாவுச் செய்திக்கு முழுப் பக்கமே வரும். பெண் ஒருத்தி இறந்தால் கணவர் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் போட்டுவிட்டு, இன்ன ஊர் இன்ன குடும்பத்தில் பிறந்தவர் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் கூடப் படித்தவர்கள் ஓடி வருவார்கள். நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அந்த வரி இல்லை. மருமகன் என்ன பதவியில் இருக்கிறார் என்பது இருக்கிறது. கட்சிக்காரர் கொடுக்கிற செய்தி அப்படித்தான் வரும், உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை. வாங்கும்போது இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். அம்மா எந்த ஊரில் பிறந்தவர்? சின்ன வயதில் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எங்களைப் போல ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லி அனுப்ப ஆள் கிடையாது. பத்திரிகை மட்டும்தான்.

அந்த நான்கு வரியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மாதம் சில கடந்துவிட்டது, திருத்தம் போடுவது வழக்கமா என்று தெரியாது. போட முடியுமானால் இப்படிப் போடுங்கள்: மேற்படி செய்தியில் மாமியார் என்று குறிப்பிடப்பட்டவர் பாறசாலை இஞ்சிவிளையில் பிறந்தவர். அவருடைய பழைய பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மகளிடம் கேட்டுவிட்டேன், போடலாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
இஞ்சிவிளை, பாறசாலை.