போனை விற்பவர் கூகுள் கணக்கையும் கையில் தரட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வங்கியில் வரிசையில் நிற்கத் தேவையில்லை, மின்சாரப் பட்டியலை வீட்டிலிருந்தே கட்டலாம், எல்லாம் செயலியில் இருக்கிறது என்று எங்கு போனாலும் சொல்கிறார்கள். நல்ல விடயந்தான். அந்தச் செயலி போனுக்குள் இறங்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் தபால் கந்தோரில் 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். போன மாதம் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். கோயில் வீதியில் கதைத்தபோது என் வயதுக்காரர் பலருக்கும் இதே கதைதான் என்று தெரிந்தது.

வங்கியின் செயலியை இறக்கப் போனேன். பிளே ஸ்ரோரில் வட்டம் சுற்றியது. பிறகு 'டவுன்லோட் பென்டிங்', அதாவது இறங்கக் காத்திருக்கிறது, என்று நின்றுவிட்டது. ஒரு பகல் முழுக்க அப்படியே. அதே நேரத்தில் கனடாவிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் கதைக்கிறான், முகம் தெளிவாகத் தெரிகிறது. இன்ரநெற் இருக்கிறதே, அப்படியென்றால் போனில்தான் பிழை என்று நினைத்து, இரண்டு வருடத்துக்கு முன் அதை வாங்கிய ரவுன் கடைக்கே கொண்டு போனேன்.

அங்கே நின்ற பொடியன் போனை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "அன்ரி, சொவ்ற்வெயார் பழுது. றீசெற் அடிச்சாத்தான் சரிவரும். ஆயிரத்தைந்நூறு" என்றான். சரி என்றேன். றீசெற் என்றால் போனில் உள்ளதையெல்லாம் துடைத்துப் புதுப் போன்போல் ஆக்குவது, படங்கள் எல்லாம் அழிந்துபோகும் என்று அவன் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. பக்கத்துப் பொத்தான்களைச் சேர்த்து அமத்திப் பிடித்தான். போன் அணைந்து, மறுபடி எழும்பி, முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட்டைக் கேட்டது.

"பாஸ்வேர்ட்டைச் சொல்லுங்கோ அன்ரி."

"எனக்கென்னண்டு தம்பி தெரியும்? நீங்கள்தானே அண்டைக்குத் திறந்து தந்தனியள்."

திறந்து தந்தவர் பிரான்சுக்குப் போய் எட்டு மாதமாம்.

போன் இப்படிக் கேட்டதில் பிழையில்லை. களவெடுத்தவன் அழித்துவிட்டுத் தன்னுடையதாக்காமல் இருக்க, 2015இல் வந்த அண்ட்ரொயிட் 5.1 முதல் இந்தப் பூட்டு இருக்கிறது. பழைய கணக்கின் பெயரும் பாஸ்வேர்ட்டும் தெரிந்தால் போதும், திறந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு என்னுடையது அல்லவே. காணியை விற்றவர் காசையும் வாங்கிக்கொண்டு உறுதிப் பத்திரத்தைத் தன் பெட்டிக்குள் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? எங்களில் எத்தனை பேர் இப்படி உறுதியில்லாத காணியில் குடியிருக்கிறோம் தெரியுமா?

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய புதிரும் அவிழ்ந்தது. என் போனில் நான் போடாத பெயர்கள் கிடக்கும்: 'கோழிக்கடை அண்ணை', 'ரியூசன் சேர் 2', 'சின்னமாமி ஜேர்மனி'. எனக்கு ஜேர்மனியில் ஒரு மாமியும் இல்லை. வாங்க வந்த எல்லாருக்கும் ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இலக்கங்கள் கணக்கோடு சேர்ந்து ஓடுபவை. ஒருவர் போட்டது மற்றவர் போனிலும் வந்துவிடும். அப்படியென்றால் என்னுடைய இலக்கங்களும் யாரோ ஒரு சின்னமாமியின் மருமகனிடம் இருக்க வேண்டும். அந்தப் பலரில் ஒருவர் பாஸ்வேர்ட்டை மாற்றினாலும் போதும், மற்றப் போன்களில் எல்லாம் 'மறுபடி உள்நுழையுங்கள்' என்று கேட்டு, பிளே ஸ்ரோர் ஒன்றையும் இறக்காது.

எப்படியோ, இரண்டு நாள் வைத்திருந்து, இன்னும் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு திறந்து தந்தார்கள். என் கணவர் கடைசியாகப் போன நல்லூர்த் தேருக்கு எடுத்த படங்கள் அதில் இருந்தன. அவை வரவில்லை. வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியைத் தட்டினேன். 'பென்டிங்.'

பிறகு கொக்குவிலில் இருக்கும் என் பெறாமகள் வந்தாள். குசினியில் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் மாதாமாதம் போடுவது சமூக ஊடகப் பொதி. மலிவு என்று கடையில் போட்டுவிட்ட பழக்கம். அந்த டேற்றா வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் மட்டும் ஓடும். பிளே ஸ்ரோர் அதில் சேராது. அதனால்தான் மகனின் முகம் வந்தது, வங்கி வரவில்லை. முதல் நாள் கொஞ்சம் இறங்கியதுபோல் தெரிந்ததும் றீலோட் செய்து மிஞ்சிக் கிடந்த முப்பது ரூபாவில்தான். அது கரைந்ததும் நின்றுவிட்டது. மூவாயிரத்தைந்நூறு ரூபா கொடுத்து நான் திருத்தியது பழுதே இல்லாத ஒரு போனை.

அவள் தன் போனிலிருந்து வைபை தந்தாள். அப்போதும் உடனே இறங்கவில்லை. றீசெற் அடித்த போனில் இருக்கிற எல்லாச் செயலிகளும் புதுப்பிக்க வரிசையில் நிற்குமாம். நான் கேட்டது அந்த வரிசையின் வாலில். பிளே ஸ்ரோரின் மூலையில் தெரியும் வட்டப் படத்தைத் தட்டி, உள்ளே போய் மற்றவற்றை நிறுத்தினாள், இது முன்னுக்கு வந்தது. அதே இடத்திலேயே செற்றிங்ஸுக்குள் 'வைபையில் மட்டும் இறக்கு' என்று ஒரு தெரிவும் இருக்கிறது. அது போடப்பட்டிருந்தால், சிம்மில் எவ்வளவு டேற்றா இருந்தாலும் போன் வைபைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

செயலி இறங்காததற்குப் போனில் இடமில்லாததும் ஒரு காரணம். ஒரு ஜிபிக்குக் குறைவாக இடம் மிஞ்சினாலே போன் தடுமாறத் தொடங்கும். வந்திறங்கும் செயலி சிறிதாக இருந்தாலும் அதைப் பிரித்து வைக்க அதைவிடக் கூடிய இடம் வேண்டும். எங்கள் போன்களை நிரப்புவது எது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலை வணக்கப் பூக்கள், நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்கும் 25 பேர் அனுப்பிய ஒரே வீடியோ. வட்ஸ்அப்பின் செற்றிங்ஸில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும், அங்கிருந்தே அழிக்கலாம். மெமரி காட் போட்டால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். படங்களை அதற்கு மாற்றலாம், ஆனால் செயலி பெரும்பாலும் போனின் சொந்த இடத்தில்தான் குடியேறும்.

இன்னொன்று எனக்கு வியப்பாக இருந்தது. பற்றரி அடியோடு இறங்கிக் கிடந்த போனில் திகதி சில வேளை பழைய வருடத்துக்குப் போய்விடும். திகதி பிழையென்றால், மறுமுனையில் உள்ள கணினியின் சான்றிதழ் செல்லுபடியாகாது என்று போன் நினைத்து இணைய மறுக்கும். தபால் முத்திரையில் திகதி பிழைத்தால் நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. இவை எதுவும் இல்லையென்றால் போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, பிளே ஸ்ரோர் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் 'கேஷ்' என்பதை அழித்துப் பார்க்கலாம். அதனால் படமோ இலக்கமோ போகாது. றீசெற் கடைசி மருந்து. எங்கள் ஊரில் அது முதல் மருந்தாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் போனுக்கு வேறு ஒரு வியாதி. மகனோ மகளோ அங்கேயே தங்கள் கணக்கைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். கணக்கின் நாடு கனடா என்று இருந்தால், இலங்கையில் மட்டும் வெளியிடப்பட்ட செயலி தேடினாலும் தெரியாது, அல்லது உங்கள் நாட்டில் கிடைக்காது என்று சொல்லும். நாட்டை வருடத்தில் ஒருமுறைதான் மாற்றலாம். ஆகவே அம்மா அப்பாவின் பெயரில் இங்கே ஒரு புதுக் கணக்கைத் திறந்து அதையும் போனில் சேர்ப்பதே சுகம். ஹுவாவி போன் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம்: 2019 மே மாத அமெரிக்கத் தடைக்குப் பின் வந்த புதிய போன்களில் பெரும்பாலானவற்றில் பிளே ஸ்ரோர் இராது, அவர்களுடைய சொந்தக் கடை அப்கலரி.

இறங்கவில்லை என்று அந்தரப்படுகிறபோது யாராவது வட்ஸ்அப்பில் 'இதை அமத்துங்கோ' என்று ஒரு கோப்பை அனுப்பினால் மட்டும் தொடவேண்டாம். வங்கிச் செயலியைத் தெரியாத இடத்திலிருந்து ஏற்றுவது, வீட்டுத் திறப்பைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பதுதான்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. போன் விற்கும்போது வாங்குபவரின் சொந்தப் பெயரில், அவருடைய சொந்த இலக்கத்தோடு கணக்கைத் திறந்து, பாஸ்வேர்ட்டை அவரையே எழுதச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டின் பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது. றீசெற் அடிக்கமுன் "படங்கள் போகும், பரவாயில்லையோ" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு மேசையும் வைபையும் போட்டு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரை இருத்தினால் எங்களைப் போன்றவர்கள் ரவுனுக்கு அலைய மாட்டோம். பேப்பர் பார்க்க எப்படியும் அங்கே வருகிறவர்கள்தான்.

என் புதுக் கணக்கின் பெயரும் பாஸ்வேர்ட்டும் என் கையெழுத்தில், காணி உறுதியோடு தகரப்பெட்டிக்குள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
கோண்டாவில்.