கப்பலில் இருந்து கடலைத் தேடிய கதை

சியாட்டில்
ஜூன் 24

அன்புள்ள வாத்தியாருக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். முப்பது வருஷம் மணி அடித்தால் வகுப்பு மாற்றியவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் என் பையன். எங்கள் இருவரையும் அலாஸ்காவுக்கு ஏழு இரவு கப்பலில் ஏற்றிவிட்டான். கப்பல் என்றதும் மணப்பாட்டுப் படகைப் பெரிதாக்கிப் பார்க்காதே. கடைவீதி, நீச்சல் குளம், சூதாட்டக் கூடம், நாடக அரங்கு எல்லாம் உள்ளேயே. பயணிகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். ஊர்க் கொடையைக் கூரை போட்டு மூடி, லிஃப்ட் வைத்தது போல. அந்த லிஃப்டுக்கும் வரிசை.

எங்களுக்கு ஜன்னல் இல்லாத அறை. அதுதான் விலை குறைவாம். விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. டிவியில் ஒரு சேனல் கப்பலின் முன்புறக் கேமராவைக் காட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாள் பூராவும் நடுக்கடலில் படுத்துக்கொண்டு கடலை டிவியில் பார்த்தேன். வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த பசிபிக்கில் ஒரே ஆட்டம். வீட்டுக்காரிக்குத் தலை தூக்க முடியவில்லை. கப்பல்காரர்கள் பச்சை ஆப்பிள் கொடுத்தார்கள். அவளைக் காப்பாற்றியது பெட்டியில் வைத்திருந்த நார்த்தங்காய்.

மேல்தளத்துக்குப் போனால் நாற்காலிகளில் காலை ஆறு மணிக்கே துண்டு விரித்திருக்கும், ஆள் இருக்காது. நம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதை இனிமேல் யாரும் குறை சொல்லக் கூடாது. ஒலிபெருக்கியில் ஏலம், வைரக் கடை, பிங்கோ என்று மணிக்கொரு அழைப்பு. கடல் ஒன்று வெளியே இருப்பதை நாம் மறந்துவிட வேண்டும் என்றே ஏற்பாடு செய்தது போலிருந்தது எனக்கு.

சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் மூன்றாம் நாள் ரசத்துக்கு ஏங்கிவிட்டோம். பரிமாறுபவர்களில் ஒரு பையன் நம் பேச்சைக் கேட்டுத் திரும்பினான். தூத்துக்குடி! அன்று இரவே தயிர் சாதம் வந்தது. எட்டு மாத ஒப்பந்தமாம். மகள் பிறந்ததையே போனில்தான் பார்த்தானாம். "பனியாறு பார்த்திருப்பியே தம்பி?" என்றேன். "அந்த நேரந்தான் சார் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம்" என்றான். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினேழு டாலர் தானாகவே கணக்கில் ஏறியபோது முணுமுணுத்தேன். அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை.

ஜூனோ மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானம் அல்லது கப்பல்தான். ஸ்காக்வே என்ற துறைமுக ஊரில் மலை ரயில் ஏறினோம். தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898இல் தொடங்கி 1900இல் முடித்த பாதை. நம் குன்னூருக்கு ரயில் ஏறியது 1899இல், கணக்குப் பார். இங்கே பல்சக்கரம் இல்லாமலே ஏறுகிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் நான் வளைவுகளைத்தான் பார்த்தேன், அவள் அருவிகளைப் பார்த்தாள்.

அப்புறம் கிளேசியர் பே, அலாஸ்காவின் தேசியப் பூங்காவாக உள்ள பனியாற்று விரிகுடா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி மைக்கில் விளக்குகிறார்கள். அன்று மட்டும் ஒலிபெருக்கி உருப்படியான வேலை செய்தது. 1794இல் ஆங்கிலக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடாவே இல்லையாம், வாயை அடைத்துக்கொண்டு பனி. இப்போது கப்பல் சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே போகிறது. இதை நீ வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பாயோ.

மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்றது. பனி வெள்ளையாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி போல, வெடிப்புகளுக்குள் இன்னும் ஆழ்ந்த நீலம். மூவாயிரம் பேரும் பேசாமல் நின்ற ஒரே நேரம் அது. முதலில் துண்டு விழுவதைப் பார்த்தோம், இடி போன்ற சத்தம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது. இரு பக்கத்துக்காரர்களும் பார்க்கட்டும் என்று கப்பல் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. குளிரில் காது மரத்துப்போயும் உள்ளே போக மனமில்லை.

கடைசி இரவு கனடாவின் விக்டோரியா. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் ஏற்றிய ஆட்களை அமெரிக்காவிலேயே இறக்குவதானால் நடுவில் ஒரு அந்நியத் துறைமுகத்தைத் தொட வேண்டும். 1886ஆம் வருஷத்துச் சட்டம் வைத்த வேலை. அந்தச் சில மணி நேரத்துக்காகக் கனடா விசாவுக்கு அலைந்து, கைரேகை கொடுத்து, பணம் கட்டி... கடைசியில் இறங்கவே இல்லை. படுத்துத் தூங்கிவிட்டோம்.

அறைப் பையன் தினமும் துண்டை மடித்து யானை, குரங்கு என்று கட்டிலில் வைப்பான். யானையைப் பிரிக்கக் கூடாது என்று அவள் சொன்னதால் அன்று நான் சட்டையில்தான் தலை துவட்டினேன்.

பனி விழுந்த கணத்தை நானே போட்டோ எடுத்தேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புதுக் கண்ணோடு உற்றுப் பார். இடது ஓரத்தில் நீலமாகத் தெரிவது பனியாறு. மீதி முழுக்க என் கட்டைவிரல்.

அன்புடன்,
உன் ரயில்வே