பார்மட் அடிப்பதற்கு முன் – பிளஸ் டூ பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

கணினி அறிவியல் செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரம் இது. "லேப்டாப் ஆன் ஆகுது சார், பாஸ்வேர்டு போட்டதும் கறுப்பா நிக்குது, அம்புக்குறி மட்டும் அசையுது" என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கடையில் காட்டினால் பெரும்பாலும் "பார்மட் அடிச்சிடலாம்", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றலாம் என்பார்கள். கடைக்காரருக்கு அது சுலபமான வேலை. பிள்ளை எழுதி வைத்த பைதான் நிரல்கள் அத்தனையும் அதோடு போய்விடும்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு அம்புக்குறியும் நகர்கிறது என்றால் விண்டோஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஐகான்களையும் கீழே உள்ள டாஸ்க்பாரையும் திரையில் காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்ற நிரல். அது எழும்பாவிட்டால் திரை வெறுமையாகத் தெரியும். கோப்புகள் பொதுவாக வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) அப்படியே இருக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ரன் நியூ டாஸ்க்' என்பதைத் தேர்ந்து, எக்ஸ்ப்ளோரர் டாட் இஎக்ஸ்இ (explorer.exe) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுக்கச் சொல்லுங்கள். பல நேரங்களில் திரை உடனே வந்துவிடும். வராவிட்டாலும் அதே பெட்டியில் உள்ள 'பிரவுஸ்' பொத்தானை அழுத்தி, 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் கோப்புகள் தெரியும். வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, பென்டிரைவில் பேஸ்ட் செய்துகொள்ளலாம். இதை முதலில் முடித்துவிட்டால் பிறகு பார்மட்டே அடித்தாலும் கவலையில்லை.

அடுத்தது சேஃப் மோடு, அதாவது மிக அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்கும் முறை. பாஸ்வேர்டு கேட்கும் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் செய்தபின் 4-ஐ அழுத்த வேண்டும். அதில் திரை சரியாக வந்தால், அண்மையில் ஏற்றிய ஏதோ ஒரு மென்பொருளோ டிரைவரோதான் (கணினியின் பாகங்களை இயக்க உதவும் நிரல்) காரணமாக இருக்கும். அதை நீக்கினால் போதும். (விளையாட்டுக்காக ஏற்றியது என்று தெரிந்தால் திட்டாதீர்கள், திட்டினால் எதை ஏற்றினான் என்பதைச் சொல்லவே மாட்டான்.)

சில சமயம் திரை வரும், ஆனால் பழைய கோப்பு ஒன்றும் இருக்காது. தற்காலிகக் கணக்கில் நுழைந்திருப்பதாக ஒரு அறிவிப்பு தோன்றும். அந்த நிலையில் டெஸ்க்டாப்பில் எதையும் புதிதாகச் சேமிக்கக் கூடாது, வெளியேறியதும் அழிந்துவிடும். பழையவை சி டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறையில் இருக்கும்.

உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். வட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள்.

தானே செய்யத் தயங்கும் பிள்ளைகள் வெள்ளி மாலை கடைசிப் பிரிவேளைக்குப் பின் கணினி ஆய்வகத்துக்கு லேப்டாப்பைக் கொண்டு வரலாம். சார்ஜர், காலியான பென்டிரைவ் இரண்டும் அவசியம். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ஒட்டி அனுப்ப வேண்டாம். பிள்ளையே உடனிருந்து போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்