அப்பாயியும் அம்மன் சிலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தஞ்சை ஓவியம் என்றாலே தங்கத்தாளும் கண்ணாடிக் கல்லும் பதித்த கிருஷ்ணர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறார். கரித்துண்டும் காகிதமுமாக மனித உருவம் வரைகிற இளையவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுவாரில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். வரைவதெல்லாம் நடவு ஆட்கள். முகமே கிடையாது, குனிந்த முதுகு, சேற்றில் ஊன்றிய கால், இடுப்பில் இறங்கும் பாரம். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "அப்பாயி நாத்து நட்டதைப் பாத்துதான் தாத்தா. அப்புறம் தஞ்சாவூர் அரண்மனையில இருக்கிற ஐம்பொன் சிலைங்க" என்றாள். இடுப்பை ஒசித்து நிற்கும் அம்மன் சிலையையும், வரப்பில் ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் அப்பாயியையும் ஒரே தாளில் அருகருகே போட்டிருந்தாள். இரண்டிலும் ஓடுவது ஒரே கோடு. அசந்துபோனேன். (கைவிரல்கள் மட்டும் இன்னும் தேறவில்லை, அதையும் சொல்லிவிட்டேன்.)

தஞ்சையில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற பத்திரிகை ஓவியர் கோபுலுவின் கோடுகளும் அவளுக்குப் பாடம். ஆனால் பெரிய கோயில் கருவறையின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களை அச்சில்தான் பார்த்திருக்கிறாள். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மூச்சுக்காற்றும் ஈரமும் சுவருக்கு ஆகாது என்பது நியாயமே. ஆண்டுக்கு ஒரு நாள், பத்துப் பேராக, பென்சிலோடு மட்டும் ஓவிய மாணவர்களை உள்ளே விடக்கூடாதா? தொல்லியல் துறை யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவையாறு