காமாலை இல்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை, நீ என்ன திட்டினாலும் தகும். போனில் உனக்குக் காது கேட்பதில்லை. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கத்திச் சொல்லும்போது பாதி விஷயத்தை விழுங்கிவிடுகிறேன்.

போட்டோவில் என் உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறதே, காமாலையா, கீழாநெல்லி காயவைத்து அனுப்பவா என்று கேட்டிருந்தாய். காமாலை இல்லை, அம்மா. இங்கே நெதர்லாந்தில் எதிர்வீட்டு டச்சுப் பாட்டி நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, கண் வெள்ளையாக இருக்கிறது, இது கேரட் செய்த வேலை என்று சொல்லிவிட்டாள். கேரட்டுக்கு நிறம் கொடுக்கிற கரோட்டின் அளவுக்கு மீறினால் உள்ளங்கையிலும் பாதத்திலும் நிறம் ஏறிவிடுமாம். தின்பதைக் குறைத்தால் தானே போய்விடும். கை சில்லென்று இருக்கிறதே என்று ரெண்டு நிமிஷம் பிடித்த கையை விடவில்லை.

சாம்பாரில் கேரட்டைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கியவனா இவன் என்று அப்பா சிரிப்பார். நான் வேலை பார்க்கும் கொட்டகையில் கேரட்டைத் தரம் பிரித்துப் பெட்டியில் போடுகிறோம். உடைந்ததையும் கோணலையும் நாங்களே எடுத்துக்கொள்ளலாம். இனிப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறேன். வேறொன்றுமில்லை.

பாட்டி ஒரு தினுசு. காது அறுந்து விழுகிற குளிரிலும் சைக்கிள்தான். தன் தோட்டத்தில் விளைந்தது என்று ஐந்து நிறத்தில் கேரட் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் அரச குடும்பத்துக்கு ஆரஞ்சு வம்சம் என்று பெயர், அவர்களுக்காகத்தான் கேரட்டை ஆரஞ்சு நிறமாக வளர்த்தோம் என்று சத்தியம் பண்ணுகிறாள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஆரஞ்சுக் கேரட் இந்த நாட்டில் பெருகியது என்னவோ நிஜம். அதற்கு வெகுகாலம் முன்பு, மத்திய ஆசியாவில் முதலில் பயிரிட்டது ஊதாவும் மஞ்சளும்தான்.

ஊதாக் கேரட்டை வெட்டினால் வெளியே கத்தரிக்காய் நிறம், நடுவில் ஆரஞ்சு. பாதியைச் சாம்பாரில் போட்டேன். புளித்தண்ணீர் பட்டதும் பீட்ரூட் போட்டதுபோலச் சிவந்துவிட்டது! அந்த ஊதா கரோட்டின் இனமே இல்லை. நாவற்பழத்தில் இருக்கிற ஆந்தோசயனின், தண்ணீரில் இறங்கிவிடும். ஆரஞ்சு நிறம் எண்ணெயில்தான் இறங்கும். பொரியல் சட்டியில் எண்ணெய் மஞ்சளாக மினுங்குவதை நீ பார்த்திருப்பாயே, அதுதான். அதனால்தான் பச்சையாகக் கடிப்பதைவிட எண்ணெய் விட்டு வதக்கினால் உடம்பில் நன்றாகச் சேரும். சிவப்பில் இருப்பது தக்காளியில் உள்ள லைகோபீன். மஞ்சளில் முருங்கைக்கீரையில் இருக்கிற லூட்டின். வெள்ளையில் அநேகமாக ஒன்றும் இல்லை. உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது ஆல்ஃபா, பீட்டா கரோட்டின்தான், லைகோபீனும் லூட்டினும் மாறாது. அக்கா பெண்ணுக்குக் கேரட் கொடுத்தால் கிட்டப்பார்வை போய்விடும் என்று மேலத்தெரு அத்தை சொன்னதைக் கேட்காதீர்கள். கண்ணாடியை ஒழுங்காகப் போடட்டும்.

இங்கே நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வயலிலிருந்து தண்ணீரைப் பம்பு வைத்து வெளியே தள்ளுகிறார்கள். ஜூன் 12-க்கு மேட்டூரைத் திறப்பார்களா என்று நாங்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம் என்றால் பாட்டி நம்ப மாட்டேன் என்கிறாள். வாய்க்கால் எல்லாம் நேராக, சத்தமே இல்லாமல் கிடக்கிறது. குடமுருட்டியில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வருமே, அதைச் சொல்லப் போய் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பொங்கலன்று கரண்ட் அடுப்பில்தான் பால் பொங்கியது. பக்கத்து அறைக்காரன் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான், அதனால் பொங்கலோ பொங்கலை மெதுவாகச் சொன்னேன்.

சரி, அப்புறம் வீட்டு விஷயம். குளிர்காலத்தில் வேலை நேரம் கொஞ்சம் குறைவு, இந்த மாதம் அனுப்பியதும் அப்படித்தான். சங்கத்தில் வைத்த வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கச் சொல்லு. அத்தானுக்குத் தெரிய வேண்டாம். அறுவடை மிஷினுக்குச் சித்தப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள், கடைசியில் ஓடினால் கிடைக்காது. நெல்லை நன்றாகக் காயவைத்த பிறகு கொள்முதலுக்குக் கொண்டுபோங்கள். வைக்கோலை விற்க வேண்டாம், கறவைக்கு வேணும். தை அமாவாசைக்கு அப்பத்தாவுக்குப் படைக்கும்போது என் பேரையும் சொல்லிக் கும்பிடு. நாட்டுக்காய் மட்டும்தானே படைப்பாய், கேரட்டெல்லாம் அவளுக்கு ஆகாது.

கீழாநெல்லி வேண்டாம். அனுப்புவதென்றால் சுண்டைக்காய் வற்றல் ஒரு பிடி அனுப்பு.

உன் சின்னவன்