விமானத்துக்கு முன்னால் ஒரு வள்ளம்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேர்த்திலிருந்து பேசும்போது, "நாங்கள் முறைப்படி விசா எடுத்து விமானத்தில் வந்தனாங்கள்தானே அப்பா, படகில் வந்த ஆக்களோடு எங்களைச் சேர்க்கலாமா?" என்று கேட்டாய். உன் வேலையிடத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் போலும். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நம் வீட்டுக் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டு நீ பேச வேண்டும்.

நம் குடும்பத்தில் முதலில் சிட்னிக்கு வந்தவர் அப்பப்பாவின் தமையன். 1971, பேராதனையில் படித்த பொறியியலாளர். கெட்டிக்காரர்தான். ஆனால் இருபது வருடம் முந்தி வந்திருந்தால் அந்தப் படிப்பு அவருக்கு உதவியிருக்காது. ஆஸ்திரேலியாவின் 1901ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, வெள்ளையர் அல்லாத, வேண்டாத ஆள் கப்பலால் இறங்கினால் அதிகாரி ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொல் வாசிப்பார். கேட்டு எழுத வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு வேறு மொழியில் வைத்து விழுத்தலாம். 1958 வரை சட்டத்தில் அது இருந்தது. 1966இல் ஹோல்ட் அரசு படித்த ஆசியர்களுக்குக் கொஞ்சம் வழி விட்டது. அவர்கள் குடியுரிமைக்கு 15 வருடம் காத்திருக்க வேண்டியிருந்ததை 5 வருடமாக்கியது. அவர் வந்தது அந்த வழியால். 1973இல் விட்லம் அரசு இனம் பார்ப்பதையே கொள்கையிலிருந்து எடுத்துவிட்டது. இதற்காக எத்தனையோ பேர் இந்த நாட்டில் வாதாடியிருக்கிறார்கள். அதன் பலனைத்தான் நாம் அனுபவிக்கிறோம்.

அடுத்தது நாங்கள். 1983 ஆடியில் வெள்ளவத்தை வீடு எரிந்ததும், அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதும் உனக்குத் தெரியும். அப்பம்மா அடிக்கடி சொல்லுவா. மன்னாரில் ஏறிய வள்ளத்தைப் பற்றித்தான் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு இரவில் ராமேஸ்வரத்துக்குக் கடந்தோம். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெளிச்சம் பட்டால் தெரியும் என்று, வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர்களைச் சாக்கால் மூடச் சொன்னார் வள்ளக்காரர். என்னுடையது பள்ளிக்கூடச் சட்டை. அந்தச் சாக்கு முழுக்கக் கருவாட்டு மணம். அப்பப்பாவின் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் பையில் சுற்றி அப்பம்மாவின் மடியில் இருந்தன.

பிறகு சென்னையில் ஒன்றரை வருடம். தமையன் இங்கே பொறுப்பு நின்றார், ஆஸ்திரேலியா மனிதாபிமான விசா தந்தது. நீ சொல்கிற விமானம் அப்போதுதான் வந்தது. கொழும்பில் கணக்காளராக இருந்த அப்பப்பா இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனார். அந்தச் சான்றிதழ்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. விடிய வரும்போது சட்டையில் வெண்ணெயும் சீனியும் மணக்கும். உடைந்த பிஸ்கட் ஒரு பை கொண்டு வருவார், அதுதான் எங்கள் காலைச் சாப்பாடு. அந்தச் சம்பளத்தில்தான் நானும் உன் அத்தையும் படித்தோம். நீ இங்கே பிறந்து, எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதிப் பரீட்சையில் தமிழையும் ஒரு பாடமாக எடுத்து, பேர்த் வரை போயிருக்கிறாய். மூன்று தலைமுறை.

இப்போது சிட்னியில் பெண்டில் ஹில் கடையில் வேலை செய்யும் அண்ணனை நினைத்துப் பார். உனக்குப் பந்து சுழற்றப் பழக்கியவர். 2012இல் படகில் வந்தார். 2013 ஜூலை 19க்குப் பிறகு வந்தவர்களுக்கு இங்கே குடியேற இடமே இல்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு முன் வந்தவர்களையும் தற்காலிக விசாவில் வைத்து இழுத்தார்கள். 2023இல் பலருக்கு நிரந்தர விசா கிடைத்தது. விண்ணப்பம் முன்பே நிராகரிக்கப்பட்டதால் அவர் அதில் சேரவில்லை. தாய் செத்தபோது கொள்ளி வைக்கவும் போக முடியவில்லை. போனால் திரும்பி வர விடமாட்டார்கள்.

அவரும் நாங்களும் ஒரே காரணத்துக்காகத்தான் கடலில் இறங்கினோம். எங்களுக்கு இங்கே பொறுப்பு நிற்க ஒருவர் இருந்தார், அப்போதைய அரசு விசா தந்தது. அவருக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை. குயின்ஸ்லாந்தில் பிலோவீலா என்ற சின்ன ஊரில், அரசு பிடித்துத் தடுத்து வைத்த ஒரு தமிழ்க் குடும்பத்தை ஊர் மக்களே விடாமல் நின்று 2022இல் திரும்ப எடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.

கடை அண்ணனின் வழக்கறிஞர் அமைச்சருக்கு மனுப் போடுகிறார். அவரைத் தெரிந்தவர்களின் கடிதங்கள் வேண்டுமாம். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் ஒன்று எழுது. மைதானத்தில் அவர் உங்களைப் பார்த்துக்கொண்டதை, உனக்கு ஞாபகம் உள்ளபடி எழுதினால் போதும். மாத முடிவுக்குள் வேண்டும்.

அம்மா மிளகாய்த்தூள் தபாலில் போட்டிருக்கிறா. கிடைத்ததும் அவவுக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்
அப்பா