விட்டு விட்டுக் கேட்கும் ஹெட்போன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு காதில் பாட்டு நின்று நின்று வந்தாலோ, ஒயரைத் திருகிப் பிடித்தால்தான் ஒழுங்காகக் கேட்டாலோ அந்த ஹெட்போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது வீட்டுக்கு வீடு வழக்கமாகிவிட்டது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுப் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் என்ற முறையில், இந்தப் பழுதுக்கும் காதருகே உள்ள ஸ்பீக்கருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில் அதே ஹெட்போனை வேறொரு போனில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாகக் கேட்டால் குற்றம் முதல் போனில் ஹெட்போன் செருகும் துளையில் இருக்கிறது. சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அடியில் இறுகிவிட்டால், ஒயரின் முனையில் உள்ள உலோகப் பின் (பிளக்) முழுவதுமாக உள்ளே போய் உட்காராது. போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெருடி எடுத்தால் போதும். ஊக்கு, குண்டூசி வேண்டாம்.

துளை சுத்தமாக இருந்தும் ஒலி விட்டுப் போனால், பேச்சு ஏதேனும் ஒன்றை ஓடவிட்டு, பின்னின் கழுத்திலிருந்து ஒயரைச் சிறிது சிறிதாக வளைத்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும். பெரும்பாலும் பின்னின் கழுத்திலோ, காதுக் கிண்ணத்துக்குள் ஒயர் நுழையும் இடத்திலோ ஒலி அறுபடும். ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஒயர் விட்டிருக்கிறது என்று பொருள். பாடகரின் குரல் மங்கி, இசைக்கருவிகள் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால், இரு பக்கத்துக்கும் பொதுவான ஒயர் அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான குரல் அப்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைய, இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதில் விழுகிறது. மல்டிமீட்டர் (மின்தடை முதலியவற்றை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் பின்னின் நுனியிலும், பொது ஒயர் சேரும் பகுதியிலும் அதன் முனைகளை வைத்து ஒயரை அசைத்துப் பார்க்கலாம். சாதாரணமாக 16 முதல் 32 ஓம் வரை காட்ட வேண்டிய எண் தாவிக் குதித்தால் அறுந்த இடம் அதுதான்.

அறுந்தது பின் அருகில் என்றால், அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒயரை வெட்டிவிட்டு, கடையில் சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் 3.5 மி.மீ. பின்னைப் பற்றவைக்கலாம், அதற்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோல்) போதும். பின்னின் மூடியை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து, ஈயம் வைத்த பிறகு தலையில் கை வைக்காத மாணவரை நான் அநேகமாகக் கண்டதில்லை. புதியவர்கள் தோற்பது வேறோர் இடத்தில்: உள்ளே இருப்பவை மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள், அவற்றின் மேல் வண்ண வார்னிஷ் பூசப்பட்டிருக்கும், கூடவே நைலான் நூலும் பின்னியிருக்கும். வார்னிஷ் போகாமல் ஈயம் ஒட்டாது. அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி, அந்தத் துளிக்குள் கம்பியின் முனையைச் சில நொடிகள் பிடித்தால் வார்னிஷ் எரிந்து, கம்பி வெள்ளிபோல் பளபளக்கும். புகை வரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிவப்பு வலது பக்கம், பச்சை அல்லது நீலம் இடது பக்கம், செம்பு நிறம் பொது என்பது பெருவழக்கு. ஆயினும் எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்றுவதில்லை. மைக் உள்ள ஹெட்போனின் பின்னில் நான்கு பகுதிகள் உண்டு. இன்றைய போன்களில் நுனியிலிருந்து இடது, வலது, பொது, மைக் என்ற வரிசையே பெரும்பாலும் காணப்படுகிறது. சில பழைய போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்.

புளூடூத் இயர்பட்ஸ் வேறு விஷயம். பசை வைத்து ஒட்டிய கூட்டுக்குள் லித்தியம் பேட்டரி இருப்பதால், கத்தியை விட்டு நெம்புவது தீ விபத்தில் முடியலாம்; அதை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

பழுதுபார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. இந்த உரிமை விலை உயர்ந்த சாதனங்களோடு நின்றுவிடலாகாது. ஹெட்போன் உற்பத்தியாளர்கள் ஒயரைக் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். முடியாதென்றால் எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதையாவது அட்டைப் பெட்டியில் அச்சிட வேண்டும். அந்த ஒரு வரிக்கு அவர்களுக்குச் செலவு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
திண்டுக்கல்.